மில்லு சங்கும் மண்டைக்குள்ள ஊதுற சங்கும்

போன மாசம் தூக்கத்தப் பத்தி ரெண்டே ரெண்டு பாரா எழுதுனேன், அதுக்கு இத்தன கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்லீங்க. பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே சமாச்சாரந்தான், "உடம்புக் கடியாரத்த சரி பண்ற மாத்திரை வரப்போகுதாமா, அது மனசு சோந்து போறதையும் சரி பண்ணிப்போடுமாமா, நெசமுங்களா?" அப்டின்னு. சரி, இந்த மாசம் முழுக்க அதையே பேசிரலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிர்றேன், நான் கோயமுத்தூர்ல மருந்தியல் பாடம் எடுத்த வாத்தியாரம்மா, மனநல டாக்டர் இல்ல. மருந்து எப்படிப் பொறக்குது, உள்ள போயி என்ன பண்ணுதுங்கறதச் சொல்லுவேன். உங்களுக்கு எது ஆவும் எது ஆவாதுங்கறத உங்களப் பாக்குற டாக்டர்தான் சொல்லோணும்.

அக்காவுக்கு வணக்கமுங்க. 11 வருசமா ஸ்பின்னிங் மில்லுல இருக்கறேன். ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் அரை நைட்டு, ஒரு வாரம் முழு நைட்டு. முழு நைட்டு வாரத்துல ஊட்ல எல்லார்த்துமேலயும் எரிஞ்சு எரிஞ்சு உழுகறேன், புள்ளைங்க கிட்ட வந்தாலே கோவம் வருது, சில நாள் எதுக்குடா பொழைக்கறோம்னுகூட தோணுது. கடியாரத்த மாத்தி வெக்கிற மருந்து கண்டுபுடிச்சிட்டாங்கன்னு கூட வேலை செய்யறவரு சொன்னாரு. எங்க கெடைக்கும்?
— பல்லடத்துலருந்து ஒரு வாசகர்

தம்பி, "எதுக்குப் பொழைக்கறோம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, கடியாரம் மருந்தெல்லாம் அப்புறம், மொதல்ல அதுக்கு வர்றேன். 14416னு ஒரு நம்பர் இருக்குது, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, 2022ல ஆரம்பிச்சது, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல, ராத்திரியும் எடுப்பாங்க. பிரேக் டைம்ல மில்லு கேட்டுக்கு வெளிய நின்னுட்டுகூட பேசலாம். அந்த நெனப்பு மறுக்கா வந்தா ஷிப்ட் முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

எங்கப்பாவும் மில்லு ஆளுதான். எங்க ஊட்ல முழு நைட்டு வாரம்னா பகல்ல எல்லாரும் பூனை நடை நடக்கோணும், ஒரு டம்ளர் கீழ உழுந்தா போச்சு. "உங்கப்பன் தூங்குறாரு"ங்கறதுதான் எங்கம்மா சொல்லி நான் அதிகமா கேட்ட வார்த்தையா இருக்கும். அவரு கொணமே அப்படித்தான்னு ரொம்ப வருசம் நெனச்சுட்டு இருந்தேன், ரிட்டயர் ஆயி ஆறு மாசத்துல பாத்தா மனுசன் பேரப்புள்ளைங்களோட சிரிச்சு வெளையாடிட்டு இருக்காரு. கொணமா இருந்திருந்தா ரிட்டயர் ஆனதும் எங்க போச்சுங்க அது?

அந்தக் காலத்துல மில்லுல சங்கு ஊதுவாங்க, உங்களுக்கு நெனப்பிருக்குமோ என்னமோ. மில்லு ஆளுங்களுக்கு மட்டுமில்ல, சுத்துப்பட்டு ஊரே அதக் கேட்டுத்தான் ஒலை வெக்கிறது, புள்ளைங்கள பள்ளிக்கோடம் அனுப்பறது, மாட்டுக்குத் தண்ணி காட்டறது. மூளைக்குள்ளயும் அப்படி ஒரு சங்கு இருக்குது. ரெண்டு கண்ணுலருந்து வர்ற நரம்பும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க போற எடத்துக்குச் சித்தே மேல, சுமாரா 20,000 செல்லு சேந்த ஒரு சின்னக் கொத்து. ஈரல், கொடலு, இருதயம், தோலுன்னு ஒவ்வொரு எடத்துலயும் தனித்தனியா கடியாரம் ஓடுது, ஆனா எல்லாம் இந்தச் சங்க வெச்சுத்தான் நேரத்தத் திருத்திக்குது. சங்கு எத வெச்சுத் திருத்திக்குதுன்னா வெளிச்சத்த வெச்சு. கண்ணுல உருவம் பாக்குறதுக்கு இருக்குற செல்லு போக, வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு மட்டும் இந்தக் கொத்துக்குச் சேதி சொல்ற செல்லு தனியா இருக்குதுன்னு 2002 வாக்குலதான் உறுதியாச்சு, அதுல இருக்குற மெலனாப்சின்ங்கற பொருளு நீல வெளிச்சத்துக்குத்தான் நல்லா அசைஞ்சு குடுக்கும்.

ஒரு செல்லுக்குள்ள கடியாரம் எப்படி ஓடும்னு கேப்பீங்க. உங்க மில்லு மாதிரியேதான். கிளாக், பிமால்னு ரெண்டு புரோட்டீன் சேந்து மெசின ஓட்டுது, அதுனால பெர், கிரைங்கற ரெண்டு சரக்கு உற்பத்தி ஆகுது, சரக்கு தேங்கித் தேங்கி ஒரு அளவு வந்ததும் அதுவே திரும்பி வந்து "போதும் நிறுத்து"ன்னு மெசின ஆஃப் பண்ணிடுது, அப்புறம் தேங்குன சரக்கு மெல்ல அழிஞ்சு காலியானதும் மறுபடி மெசின் ஓடுது. இந்தச் சுத்து ஒண்ணு முடிய ஏறக்குறைய 24 மணி நேரம். பழ ஈயில இதக் கண்டுபுடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங்னு மூணு அமெரிக்கக்காரங்களுக்கு 2017ல நோபல் குடுத்தாங்க. அவங்களுக்கும் முன்னாடி 1971லயே கொனோப்காவும் பென்சரும் நேரம் தப்புன ஈயப் புடிச்சுக் காட்டிட்டாங்க, நோபல் வர்றப்ப அவங்க ரெண்டு பேரும் உசுரோட இல்ல.

இப்ப உங்க கதைக்கு வர்றேன். மனுசனோட சங்கு தானா ஓடவிட்டா 24 மணி நேரத்துக்குச் சித்தே எச்சாத்தான் ஓடும், அதனால நேரத்தப் பின்னாடி தள்ளறது சுலபம், முன்னாடி இழுக்கறது கஷ்டம். பகலு, அரை நைட்டு, முழு நைட்டுன்னு இந்த வரிசைல மாத்துனா உடம்பு கொஞ்சமாவது தாங்கும், தலைகீழா மாத்துனா ரொம்பப் படுத்தும். அதுலயும் ஒரே வாரத்துல மாத்துனா, சங்கு பாதி நகந்து வர்றதுக்குள்ள ஷிப்ட் மாறிடுது, அதனால அது எந்த ஷிப்டுக்கும் சேராம நடுவுலயே நிக்குது. ஈரல் ஒரு மணி சொல்லும், மூளை ஒரு மணி சொல்லும், மேஸ்திரி ஒரு மணி சொல்லுவாரு.

மருந்துக்கு வர்றேன். இந்தச் சங்கப் புடிச்சு நேரா திருப்பி வெச்சு, கூடவே மனசோர்வையும் தீத்து வெக்கிற மாத்திரைன்னு ஒண்ணு இன்னிக்குக் கடையில இல்லீங்க. உங்க கூட்டாளி சொன்னது ஆய்வுக்கூடத்துல இருக்குற சரக்கு, அதப் பத்தி அடுத்த கேள்வில சொல்றேன். நைட் ஷிப்ட்காரங்களுக்குன்னு மொடாஃபினில்னு ஒண்ணு வெளிநாட்டுல அனுமதி வாங்கியிருக்குது, அது முழிச்சிருக்க வெக்குமே ஒழிய சங்க ஒரு நிமிசம்கூட நகத்தாது, டாக்டர் சீட்டு இல்லாம அதத் தேடிட்டுப் போயிராதீங்க.

ஆனா ஒண்ணு, இது எனக்கே ஆச்சரியம். 2022ல பாஸ்டன்ல 19 பேர நைட் ஷிப்ட் மாதிரியே மாத்தி வாழ வெச்சுப் பாத்தாங்க, ஒரு கூட்டத்துக்கு ராத்திரிலயும் சோறு, இன்னொரு கூட்டத்துக்கு பகல்ல மட்டும் சோறு. ராத்திரி சாப்புட்டவங்களுக்கு மனசோர்வு மாதிரி அறிகுறி 26 சதவீதமும் பதட்டம் 16 சதவீதமும் ஏறுச்சு, பகல்ல மட்டும் சாப்புட்டவங்களுக்கு ஏறவே இல்ல. சின்ன ஆராய்ச்சிதான், 19 பேர வெச்சு ஊரையே அளந்துர முடியாது. ஆனா எங்கப்பா ராத்திரி 2 மணிக்கு தூக்குப்போசி நெறைய சோறு உண்டது ஞாபகம் வந்துருச்சு. உங்களால முடிஞ்சா பெரிய சாப்பாட்ட ஷிப்டுக்கு முன்னாடி பொழுதோடயும், மறுக்கா காலைலயும் வெச்சுக்குங்க, நடுராத்திரிக்கு தண்ணி, சித்தே மோருன்னு நிறுத்திப் பாருங்க, சக்கரை வியாதி இருந்தா மட்டும் டாக்டரக் கேக்காம இதச் செய்யாதீங்க. காலைல ஊட்டுக்கு வரும்போது கருப்புக் கண்ணாடி போட்டுக்கலாம், ஆனா வண்டி ஓட்டறப்ப கண்ணு சொக்குச்சுன்னா அது ஆபத்து, கூட்டாளி வண்டில பின்னாடி உக்காந்து வாங்க.

மேடம், நான் பெருந்துறைல பி.பார்ம் படிக்கிறேன். உடம்புக் கடியாரத்துக்கு மருந்து தேடறாங்கன்னா என்னதான் பண்ணுவாங்க? டீச்சர்கிட்ட கேட்டா சிலபஸ்ல இல்லங்கறாங்க.
— மூணாம் வருச மாணவி

சிலபஸ்ல இல்லாததக் கேக்குற புள்ளைங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும் கண்ணு, உக்காரு, சொல்றேன்.

மின்மினிப் பூச்சிய ராத்திரி வரப்புல பாத்திருப்பே. அதோட வெளிச்சம் வர்ற நொதி இருக்குதே, லூசிஃபரேஸ், அதுக்கான ஜீன எடுத்து கடியார ஜீனோட சுவிட்சுல மாட்டிடறாங்க. அத ஒரு மனுச எலும்புப் புத்துநோய் செல்லுக்குள்ள வெச்சா, அந்த செல்லு 24 மணி நேரத்துக்கு ஒருவாட்டி பிரகாசமாகி மங்கி, பிரகாசமாகி மங்கி, ரோதை மாதிரி அலையடிச்சுட்டே இருக்கும். இந்த செல்லச் சின்னச் சின்னக் குழியில ஊத்தி, ஒவ்வொரு குழிலயும் ஒவ்வொரு ரசாயனத்தப் போட்டு, பல நாளைக்கு வெளிச்சத்த அளந்துட்டே இருப்பாங்க. எந்தக் குழில அலை நீளுதோ, சுருங்குதோ, சாயுதோ அந்த ரசாயனத்தத் தனியா எடுத்து வெச்சுக்குவாங்க. அவ்வளவுதான் தத்துவம், வேலை என்னமோ மம்மானியா. இப்படி 2010ல சுமாரா 1,20,000 ரசாயனத்தச் சலிச்சு லாங்டேசின்னு ஒண்ணு கெடச்சுது, போட்டா ஒரு நாளுங்கறது ரொம்பவே நீண்டு போவுது, ஏன்னா பெர் சரக்க அழிக்கச் சொல்லி முத்திரை குத்துற கேசின் கைனேசுங்கற நொதிய அது அடக்கிப்போடுது. 2012ல சுமாரா 60,000 சலிச்சதுல கேஎல்001னு இன்னொண்ணு வந்துச்சு, அது கிரை சரக்கு சீக்கிரம் அழியாம காப்பாத்துது.

சரி, அப்புறம் ஏன் இன்னும் மாத்திரை வரல? இங்கதான் நான் கிளாஸ்ல புள்ளைங்களோட மணிக்கணக்கா சண்டை போடுவேன். மொதல் சிக்கலு, கடியாரம் உடம்பு பூராவும் ஒண்ணே, மூளைக்குப் போறது ஈரலுக்கும் போகும். மனசுக்குன்னு குடுத்த மருந்து சக்கரைய எந்தப் பக்கம் தள்ளும்னு தனியாப் பாக்கோணும். ரெண்டாவது, நேரம். மத்த மருந்துல "காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு"ன்னா காரியம் முடிஞ்சுது, இதுல ஒரே மாத்திரை காலைல போட்டா கடியாரம் ஒரு பக்கமும் பொழுதோட போட்டா எதிர்ப்பக்கமும் போகலாம், அப்ப நோயாளியோட உள் மணி என்னன்னு தெரியாம மருந்து குடுக்கறது கண்ணக் கட்டிட்டு ஊசி போடற மாதிரி.

மூணாவது சிக்கல்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, எலி. எலி ராத்திரி முழிச்சு பகல்ல தூங்குற சீவன். நாம காலைல 10 மணிக்கு டிபன் சாப்புட்டுப்போட்டு லேபுக்குப் போயி, தூங்கிட்டு இருக்கறத எழுப்பித் தண்ணில போட்டு "இதுக்கு மனசோர்வு இருக்குதா"ன்னு பாத்துட்டு இருக்கறோம். உன்ன ராத்திரி 2 மணிக்கு எழுப்பி கெணத்துல தள்ளி, நீ சந்தோசமா நீந்தலைன்னு சீட்டு எழுதுனா எப்படி இருக்கும்? இன்னும் கேளு, உலகம் முழுக்க லேபுல எச்சா வளக்குற சி57 கருப்பு எலிக்கு மெலடோனின், அதாவது பொழுது உழுந்திருச்சுன்னு உடம்புக்குச் சொல்ற சுரப்பு, சுரக்கறதே ரொம்பக் கம்மி. மெலடோனின் சம்பந்தப்பட்ட மருந்த அதுலயே சோதிச்சுட்டு முடிவெழுதறாங்க. நானும் ஒரு காலத்துல ஒரு ஆய்வுக்கூடத்துல இப்படி எலியப் புடிச்சவதான், ராத்திரில செவப்பு வெளிச்சத்துல சோதனை பண்ணலாமுங்கன்னு கேட்டதுக்கு "வாட்ச்மேன் சம்பளம் யாரு குடுக்கறது"ன்னு கேட்டாங்க. அத்தோட அந்த ரோசனை முடிஞ்சுது.

நாலாவது, எல்லாத்துக்கும் பெரிய கேள்வி. கடியாரம் கெட்டதால மனசு கெடுதா, மனசு கெட்டதால கடியாரம் கெடுதா? 2013ல செத்துப்போனவங்க மூளையச் சோதிச்சாங்க, அவங்க செத்த மணிய வெச்சு வரிசைப்படுத்திப் பாத்தா, நல்லா இருந்தவங்க மூளைல கடியார ஜீனுங்க அலையலையா ஏறி எறங்குது, டிப்ரஷன்ல இருந்தவங்களுக்கு அந்த அலை மங்கிக் கெடக்குது. 2018ல பிரிட்டன்ல 91,105 பேரு கைல பட்டை கட்டிப் பாத்ததுலயும், பகலுக்கும் ராத்திரிக்கும் அசைவுல வித்தியாசம் கம்மியா இருக்கறவங்களுக்கு டிப்ரஷனும் பைபோலரும் (மனசு சில காலம் சோந்து கெடந்து, சில காலம் மேனியான்னு எல்லை மீறிப் பொங்குற நோவு) எச்சா இருந்துச்சு. ரெண்டும் சேந்து இருக்குதுன்னு காட்டுது, எது முன்னாடி வந்துச்சுன்னு காட்டல. எலில ஒரு தடயம் இருக்குது. கிளாக் ஜீன ஒடச்ச எலி 2007ல மேனியா புடிச்ச மாதிரி ஓடுச்சு, கம்மியாத் தூங்குச்சு, பயமே இல்லாம திரிஞ்சுது, அதுக்கு, பைபோலருக்குக் குடுக்குற லித்தியம்ங்கற மருந்தக் குடுத்தா பெரும்பாலும் அடங்குச்சு. ஆனா மனுசனுக்கு ஒரே ஒரு ஜீனு ஒடஞ்சு மேனியா வர்றதில்ல கண்ணு, நம்ம சமாச்சாரம் நூறு நூலு சிக்குன சிக்கு.

எஸ்ஆர்9009னு ஒண்ண ஜிம்முக்குப் போற பசங்க இணையத்துல வாங்கிச் சாப்புடறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதுவும் கடியார மருந்துன்னு 2012ல வந்ததுதான். அது புடிக்க வேண்டிய புரோட்டீனே இல்லாத செல்லுலயும் அது வேலை செய்யுதுன்னு பின்னாடி 2019ல காட்டிட்டாங்க, அப்படின்னா உள்ள போயி வேற எதையோ ஆட்டுது. மனுசங்களுக்கு அனுமதி வாங்குன மருந்தே இல்ல அது. உன் கிளாஸ் பசங்ககிட்ட சொல்லி வை.

டீச்சரம்மா, என் பையனுக்கு 26 வயசு, பைபோலர்னு சொல்லி நாலு வருசமா லித்தியம் குடுக்கறாங்க. இப்ப நல்லா இருக்கான், கடையப் பாத்துக்கறான். ஒறம்பரைல ஒருத்தரு அது கல்லு மாதிரி, கிட்னியத் தின்னுபோடும், நிறுத்திப்போடுங்கன்னு சொல்றாரு. மாரியம்மன் நோம்பி வேற வருது, ராத்திரியெல்லாம் கம்பம் ஆடப் போகோணுங்கறான். என்ன பண்றதுங்க?
— கோபிச்செட்டிபாளையத்துலருந்து ஒரு தாயி

அம்மிணி, ஒறம்பரை சொல்றதுல பாதி நெசம், அதுதான் ஆபத்து. லித்தியம் உப்பு வகைதான், மண்ணுலருந்து எடுக்கறதுதான். 1949ல ஆஸ்திரேலியால ஜான் கேடுங்கற டாக்டர் அத கினிப்பன்னிக்குப் போட்டுப் பாத்து, அதுங்க சாதுவாயிருச்சுன்னு மேனியா இருந்த பத்து பேருக்குக் குடுத்து எழுதுனாரு. ரத்தத்துல அளவு பாக்குற வழி அப்ப இல்ல, அளவு மீறி சில பேரு செத்தும் போனாங்க, அமெரிக்கா 1970 வரைக்கும் அனுமதி குடுக்கல. இன்னிக்கு அளவு பாக்க டெஸ்ட் இருக்குது. அதனாலதான் உங்க டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்றாரு, கிட்னியும் தைராய்டும் பாக்கச் சொல்றாரு. உங்க ஒறம்பரை பயப்படறதத்தான் டாக்டரும் கண்ணு வெச்சுப் பாத்துட்டு இருக்காருன்னு அவருகிட்ட சொல்லுங்க.

இந்த மாசத்து பேச்சுக்கும் லித்தியத்துக்கும் என்ன சம்பந்தம்னா, கடியார மருந்துன்னு உலகம் தேடிட்டு இருக்கறதுல, தெரியாமயே 75 வருசமா கைல இருக்கறது இதுதான். 1973ல ஒரு ஜெர்மன்காரரு நம்மூரு ரணகள்ளி இனத்துச் செடியோட பூவுக்கு லித்தியம் குடுத்தாரு, அந்த இதழு தெறந்து மூடுற நேரம் நீண்டு போச்சு. பூவுக்கு ஏது மனசோர்வு? அப்ப அது எங்கயோ கடியாரத்தத்தான் தொடுது. 1996ல அது ஜிஎஸ்கே3ங்கற நொதிய அடக்குதுன்னு கண்டாங்க, 2006ல அந்த நொதி மூலமா கடியாரத்தோட ஒரு பல்லுச்சக்கரத்த அது தொடறதையும் காட்டிட்டாங்க. மேனியாவ அடக்கறது இதனாலதானா, வேற வழியானு இன்னும் சண்டை ஓயல. எப்படி அடக்குனாலும் உங்க பையன் கடையப் பாத்துக்கறான்ல, எனக்கு அது போதும்.

அதனால டாக்டரக் கேக்காம நிறுத்திராதீங்க. திடீர்னு நிறுத்துனா மேனியா திருப்பி அடிக்கும், உசுர மாச்சுக்கற நெனப்பும் வரலாம். நம்மூரு வெய்யில்ல பாக்கோணும்னா, வேர்த்து ஊத்துறப்ப தண்ணியும் உப்பும் கொறஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறும், அதனால நோம்பிக்கு விரதம்னு தண்ணி குடிக்காம இருக்கறது, உப்பில்லாத சோறு உண்கறது, இதெல்லாம் அவனுக்கு வேண்டாம். வாந்தி பேதி வந்தா ஒடனே டாக்டருக்குச் சொல்லோணும். மேலு வலிக்குதுன்னு மெடிக்கல்ல ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டா அதுவும் லித்தியத்த ஏத்தும். கை எச்சா நடுங்குது, தள்ளாடுது, பேச்சு கொழறுதுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கம்பம் ஆட்டத்துக்கு வர்றேன், மனசு கஷ்டமாத்தான் இருக்குது சொல்றதுக்கு. பைபோலர் இருக்கறவங்களுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போனாலே மேனியா கெளம்பலாம், தொடர்ந்து நாலஞ்சு ராத்திரின்னா கேக்கவே வேண்டாம். வேண்டாம்னு தடுத்தா அதுவே பெரிய சண்டையாயிரும், வயசுப் பையன். ஒரு நாளு பொழுதோட போயி எட்டு எட்டரை மணி வரைக்கும் ஆடிப்போட்டு ஊட்டுக்கு வந்து வழக்கமான நேரத்துக்குப் படுக்கட்டும்னு பேசிப் பாருங்க, முடிஞ்சா டாக்டர் முன்னாடியே பேசுங்க. அமெரிக்கால எல்லன் ஃபிராங்க்னு ஒரு அம்மா இதுக்குன்னே ஒரு பேச்சு சிகிச்சை உருவாக்குனாங்க, எந்திரிக்கிற நேரம், சாப்புடற நேரம், மொதல் ஆளப் பாத்துப் பேசுற நேரம், படுக்குற நேரம்னு எழுதி வெச்சு தெனமும் ஒரே மாதிரி ஓட்டறது. 2005ல அவங்க சோதிச்சதுல, இதக் கத்துக்கிட்டவங்களுக்கு அடுத்த தாக்குதல் வர்றதுக்கு நாளு நீண்டுச்சு. கடை தெறக்கற நேரம் மூடற நேரம் உங்க பையனுக்கு ஏற்கெனவே இருக்குது பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது.

நாமக்கல்லுல கோழிப்பண்ணை வெச்சிருக்கறேன். முட்டைக்கோழிக்கு வெடியால லைட் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுனாத்தான் முட்டை நிக்காம வரும். மனுசனுக்கும் லைட் போட்டா மனசு சரியாயிருமாமா?

அண்ணா, உங்களுக்கு இந்த வெசயம் லேப்காரங்களவிட நல்லாத் தெரியும். கோழிக்கு மண்டையோட்டு வழியாவே மூளைக்குள்ள வெளிச்சம் போயி அங்கயே உணர முடியும், நமக்கு கண்ணு வழியாத்தான் போகோணும், அதுதான் வித்தியாசம். 1984ல அமெரிக்கால நார்மன் ரோசந்தால்ங்கறவரு, குளிர்காலத்துல மட்டும் வர்ற மனசோர்வப் பத்தி எழுதி அதுக்கு லைட் வெச்சுக் காட்டுனாரு. இப்ப 10,000 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) பெட்டி முன்னாடி காலைல அரை மணி நேரம்ங்கறது வழக்கம், குளிர்காலம் இல்லாத சாதா டிப்ரஷனுக்கும் கொஞ்சம் கேக்குதுன்னு சோதனை இருக்குது. அந்தப் பெட்டிய இங்க வாங்கோணும்னு அவசியமே இல்லீங்க. ஊட்டுக்குள்ள டியூப்லைட்டுக்குக் கீழ 200, 300 லக்ஸ் வந்தாப் பெருசு, வெளிய மர நிழல்ல நின்னாலே ஆயிரக்கணக்குல வரும், நேர் வெய்யில் லட்சம் தொடும். நமக்கு வெளிச்சத்துக்கா பஞ்சம், நாம உள்ளயே உக்காந்துக்கறோம், அதுதான். பைபோலர் இருக்கறவங்க மட்டும் தானா வெளிச்ச வைத்தியம் பண்ணிக்கக் கூடாது, காலை வெளிச்சம் சில பேர மேனியாவுக்குத் தள்ளிடுது. 2018ல ஒரு சோதனைல அவங்களுக்கு மத்தியானம் 7,000 லக்ஸ் குடுத்தாங்க, 46 பேருல லைட் வாங்குனவங்க 68 சதவீதம் பேருக்கு சோர்வு தெளிஞ்சுது, மங்கலான லைட் வாங்குனவங்களுக்கு 22. யாருக்கும் மேனியாவும் வரல. மருந்து அதே வெளிச்சம்தான், மணி மட்டும் மாறுச்சு.

டாக்டர் டிப்ரஷனுக்கு அகோமெலட்டின் எழுதியிருக்காரு. மனசுக்கு மருந்து குடுத்துட்டு லிவர் டெஸ்ட் எடுக்கச் சொல்றாரு, எதுக்குங்க?
— கோவை சாய்பாபா காலனி வாசகி

கடியாரத்தக் குறி வெச்சு வந்து, டிப்ரஷனுக்குன்னு கடைக்கே வந்து சேந்தது இது ஒண்ணுதான்னு சொல்லலாம். பிரான்ஸ்ல செர்வியே கம்பெனி செஞ்சது, மெலடோனின் உக்கார்ற எடத்துல இதுவும் போயி உக்காந்துக்கும், கூடவே செரடோனின்ங்கற மூளை ரசாயனம் போற கதவு ஒண்ணையும் அடைக்கும். ஐரோப்பால 2009ல அனுமதி வாங்குச்சு, அமெரிக்கால அதக் கொண்டுவரப் பாத்த நோவார்ட்டிஸ் 2011ல கைவிட்டுருச்சு. அதுல எவ்வளவு கடியாரத்தால, எவ்வளவு செரடோனினாலங்கறது இன்னும் விவாதம்தான். சில பேருக்கு ஈரல் நொதி ஏறிடுது, அபூர்வமா ஈரலே மோசமாகிருக்குது, அதனால ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் 3, 6, 12, 24 வாரத்துலயும் பாக்கச் சொல்றாங்க. தட்டாம எடுங்க. சளி காச்சலுக்குப் போற எடத்துல சிப்ரோஃபிளாக்சசின் எழுதுனா "நான் இத சாப்புடறேன்"னு சொல்லுங்க, ரெண்டும் ஒட்டுக்கா ஆகாது.

மெலடோனின் ஆன்லைன்ல வாங்கித் தெனம் போடலாமா?
— திருப்பூர்

2017ல கனடால கடைல வாங்குன 31 மெலடோனின் சரக்கப் பிரிச்சுப் பாத்தாங்க, டப்பால எழுதுனதுக்கு 83 சதவீதம் கம்மியாவும் இருந்துச்சு, 478 சதவீதம் எச்சாவும் இருந்துச்சு. பஞ்சுப் பொதில ஈரம் வெச்சு எடை ஏத்தற யாவாரம் அங்கயும் இருக்குது. தூக்க மாத்திரைன்னு நெனச்சு ராத்திரி 12 மணிக்குப் போட்டுட்டு மறுநாள் மந்தமா இருக்குதுங்கறீங்க, அது தூக்கத்த அடிச்சு உழுத்தாட்டற மருந்து இல்ல, "பொழுது உழுந்திருச்சு"ன்னு உடம்புக்குச் சொல்ற தண்டோரா. தண்டோராவ எத்தன மணிக்குப் போடறதுங்கறத டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க.

எங்க அப்பாரு வெடியால 4 மணிக்கு எந்திரிச்சு தோட்டத்துக்குப் போவாரு. நான் 9 மணிக்கு எந்திரிச்சா சோம்பேறிங்கறாரு. நான் சோம்பேறியா?
— சென்னிமலை, வயது 19

ராத்திரி 2 மணி வரைக்கும் போன நோண்டிட்டு இருந்தா ஆமா. அது இல்லாமயே தூக்கம் வரலைன்னா, உன் வயசுல சங்கு கொஞ்சம் பின்னாடி ஓடறது இயல்பு, வயசாக வயசாக முன்னாடி வந்துரும், உங்கப்பாரும் 19ல எப்படி இருந்தாருன்னு உங்க அமுச்சியக் கேட்டுப் பாரு. சில குடும்பத்துல பெர்2 ஜீன்ல ஒரு எழுத்து மாறி பொழுதோட 7 மணிக்கே சொக்கிருவாங்கன்னு 2001ல கண்டாங்க, கிரை1 மாறி நடுராத்திரி வரைக்கும் தூக்கமே வராதுன்னு 2017ல கண்டாங்க. அதுக்காக அப்பாருகிட்ட போயி "எனக்கு கிரை1"ன்னு சொல்லிராத, மம்புட்டியால போடுவாரு.

ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காம இருந்தா டிப்ரஷன் போயிருமாமே? நான் திருச்செங்கோடு ரிக் வண்டில இருக்கறேன், வட நாட்டுல போர்வெல் போட்டுட்டு இருக்கறப்ப ரெண்டு நாள் தூங்காம இருந்தா மனசு லேசாத்தான் இருக்குது, தூங்கி எந்திரிச்சா மறுபடி பாரமாயிருது.

அண்ணா, நீங்க எழுதியிருக்கறது 1971லயே ஜெர்மன் டாக்டருங்க எழுதுனதுதான், எழுத்துக்கு எழுத்து அதேதான். டிப்ரஷன்ல இருக்கறவங்கள ஒரு ராத்திரி முழுக்க முழிக்க வெச்சா ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுநாளே மனசு தெளியுது. சாதா மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்குல ஆகுது, இது ஒரே ராத்திரி. ஆனா தூங்குனதும் பெரும்பாலானவங்களுக்குத் திரும்பிருது. மனச ஒரே ராத்திரில தூக்கி விடற சாவி மூளைக்குள்ள எங்கயோ இருக்குதுன்னு இது காட்டுது, அதனாலதான் மருந்து தேடறவங்களுக்கு இதுமேல அத்தன ஆசை. தெளிஞ்சது தங்கறதுக்கு மிலன்ல ஒரு கூட்டம் முழிப்போட காலை வெளிச்சமும் லித்தியமும் சேத்துக் குடுத்துப் பாக்கறாங்க, ஆஸ்பத்திரில படுக்க வெச்சு, பக்கத்துல டாக்டர் நின்னு. நீங்க பண்றது அது இல்ல, நீங்க ரிக் மேல நின்னுட்டு பண்றீங்க, ராடு சுத்திட்டு இருக்குற எடத்துல ஒரு நிமிசம் கண்ணு அசந்தா கை போயிரும்.

அப்புறம் இன்னொண்ணு கேக்கறேன், அந்த ரெண்டு நாளு லேசா இருக்கறப்ப பேச்சு எச்சா வருதா, காசு தண்ணியாச் செலவாகுதா, தூக்கமே தேவையில்லன்னு தோணுதா? வருதுன்னா அது வெறும் டிப்ரஷன் இல்லாம இருக்கலாம், மருந்தே வேற மாதிரி குடுக்கோணும். அடுத்தவாட்டி ஊருக்கு வர்றப்ப டாக்டர்கிட்ட போயி, இந்த லெட்டர்ல எனக்கு எழுதுனத அப்படியே அவருக்கும் சொல்லுங்க. தூங்காத நாள்ல லேசா இருக்குதுங்கறத உட்றாதீங்க, அவரு மொதல்ல கேக்க வேண்டியதே அதுதான், பல பேரு அதச் சொல்ல மறந்துட்டு தூக்க மாத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துடறாங்க.